நிலத்தடி நீர் மாதிரியாக்கத்தில் புவியியல் தகவல் முறைமை: சென்னைக்கு வடக்கிலுள்ள கடலோர நீர்த்தாங்கியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிலத்தடி நீர் ஆய்வுகளில் புவியியல் தகவல் முறைமையின் பயன்பாடு கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளது. எனினும், வரைபடம் வரைதலும் மாதிரியாக்கமும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு பல ஆய்வேடுகளில் காணப்படுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவையும் வேறுபாட்டையும் ஆரணியாறு – கொசத்தலையாறு வடிநிலத்தின் கடலோர நீர்த்தாங்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. நில உயரத் தரவு, இடைக்கணிப்பு, ஆற்று எல்லை, இறைப்பு மதிப்பீடு ஆகிய இடங்களில் தகவல் முறைமையில் நிகழும் சிறு பிழைகள் மாதிரியின் முடிவை எவ்வாறு தலைகீழாக்கக்கூடும் என்பதே இதன் மையப்பொருள்.

திறவுச்சொற்கள்: நிலத்தடி நீர், நீர்த்தாங்கி, புவியியல் தகவல் முறைமை, கடல்நீர் ஊடுருவல், எண்ணிலக்க உயர மாதிரி, மீஞ்சூர்.

முன்னுரை

நிலத்தடி நீரை நாம் நேரில் காண்பதில்லை. கிணறுகள் என்னும் சில துளைகளின் வழியே மட்டும் அதை அறிகிறோம். இரண்டு கிணறுகளுக்கு இடையே என்ன நிகழ்கிறது என்பதை ஊகித்தே சொல்ல வேண்டியுள்ளது. அந்த ஊகத்துக்கு இயற்பியல் ஒழுங்கைத் தருவது மாதிரி. இட ஒழுங்கைத் தருவது புவியியல் தகவல் முறைமை. 1856-இல் பிரான்சு நாட்டின் டிஜோன் நகர நீர்வழங்கல் பணியின்போது ஹென்றி டார்சி கண்ட விதி, நீர் ஓட்டம் நீர்மட்டச் சரிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்கிறது. இன்றைய மாதிரிகள் அனைத்தும் இவ்விதியையும் பொருள் அழியாமை விதியையும் இணைத்துப் பெற்ற ஒரே சமன்பாட்டின் தீர்வுகளே ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் புவியியல் அளவை நிறுவனம் 1980களில் வெளியிட்ட மோட்ஃப்ளோ என்னும் கணினி நிரல், நிலத்தைச் செவ்வகக் கட்டங்களாகப் பகுத்து முடிவுறு வேறுபாட்டு முறையில் இச்சமன்பாட்டைத் தீர்க்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நில உயரம், அடுக்குகளின் தடிப்பு, நீர்க்கடத்துதிறன், சேமிப்புக் கெழு, மழைச்செறிவு, இறைப்பு ஆகியவற்றின் மதிப்புகள் தேவை. ஐம்பதாயிரம் கட்டங்கள் கொண்ட மாதிரிக்கு இம்மதிப்புகளைக் கையால் நிரப்ப இயலாது. தகவல் முறைமை இன்றியமையாததாவது இங்கேதான்.

வரைபடமும் மாதிரியும்

‘நிலத்தடி நீர் வாய்ப்பு மண்டலங்கள்’ என்னும் தலைப்பில் வெளிவரும் கட்டுரைகளை ஆய்வாளர்கள் நன்கறிவர். பாறை வகை, நில உருவம், சரிவு, வடிகால் அடர்த்தி, பாறைப் பிளவுக்கோடுகள், மண், நிலப்பயன்பாடு என்னும் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் எடை வழங்கி, ‘மிக நன்று’ முதல் ‘மிகக் குறைவு’ வரை வண்ணமிட்ட வரைபடம் ஒன்றைப் பெறுவது இவற்றின் வழக்கம். எடைகளை வழங்கத் தாமஸ் சாட்டியின் பகுப்பாய்வுப் படிநிலை முறை பயன்படுத்தப்படுகிறது. அம்முறையின் இசைவு விகிதம் 0.1-க்குக் கீழ் இருந்தால் எடைகள் ஏற்கத்தக்கவை என அறிவிக்கப்படுகிறது. ஆய்வாளரின் ஒப்பீடுகள் தமக்குள் முரணின்றி உள்ளனவா என்பதை மட்டுமே அவ்விகிதம் சோதிக்கிறது; அவ்வொப்பீடுகள் நிலத்துடன் பொருந்துகின்றனவா என்பதைச் சோதிப்பதில்லை. முரணின்றித் தவறாக எண்ணுவது எளிது. மேலும், சரிவும் வடிகால் அடர்த்தியும் நில உருவமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் ஒரே செய்தி மூன்று முறை எண்ணப்படுகிறது.

இத்தகைய வரைபடங்கள் பயனற்றவை என்பது கருத்தன்று. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. அங்கு எங்கே துளையிடுவது என்னும் முதற்கட்டக் கேள்விக்கு இவை உதவும். ஆனால் எவ்வளவு நீர், எத்தனை நாளுக்கு, எவர் இறைத்தால் எவர் கிணறு வற்றும் என்னும் கேள்விகளுக்கு இவற்றில் விடையில்லை. ‘நன்று’ என்பதற்கு அலகு கிடையாது, காலமும் கிடையாது. மாசுபடு வாய்ப்பை மதிப்பிட 1987-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக வகுக்கப்பட்ட ‘டிராஸ்டிக்’ முறையும் இவ்வகையினதே. நீர்மட்ட ஆழத்துக்கு 5, நிலச்சரிவுக்கு 1 என எடைகள் முன்கூட்டியே நிறுவப்பட்டவை. அம்முறையை வகுத்தோர் அதை ஒப்பீட்டுக் கருவியாகவே முன்வைத்தனர்.

ஆய்வுக்களம்

ஆரணியாறு பழவேற்காடு ஏரியை நோக்கியும், கொசத்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கியும் பாய்கின்றன. இவ்விரு ஆறுகளும் படியவைத்த வண்டல் நிலத்தில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 1960களில் நடைபெற்ற ஆய்வுகளின் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. சென்னை நகரமும் வடசென்னைத் தொழிற்சாலைகளும் இங்கிருந்து நீர் பெற்றன. அதே நீரை நெல் வயல்களும் பயன்படுத்தின. 1960களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் ஊடுருவல் கண்டறியப்பட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் உவர்நீர் முகப்பு கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நிலத்துக்குள் நகர்ந்தது. 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு பின்புலம். அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்படப் பலர் இந்நீர்த்தாங்கியை மாதிரியாக்கியுள்ளனர். எனவே முறையியலைப் பேச இதைவிட ஏற்ற களம் தமிழகத்தில் அரிது.

இதன் அமைப்பு எளிமையானது போலத் தோன்றும். மேலே திறந்தநிலை நீர்த்தாங்கி. இடையில் களிமண் அடுக்கு. கீழே பகுதி அடைபட்ட நீர்த்தாங்கி. மேற்கு நோக்கிச் செல்லச் செல்லக் களிமண் அடுக்கு மெலிந்து, இரு நீர்த்தாங்கிகளும் ஒன்றாகின்றன. இந்தக் களிமண் எங்கே முடிகிறது என்பதைத் துளைப் பதிவுகளைக் கொண்டே வரைய வேண்டும். அதன் விளிம்பை இரண்டு கிலோமீட்டர் இடம் மாற்றி வரைந்தால், மழைநீர் கீழடுக்கை அடையும் பரப்பே மாறிவிடும்.

உயரம் என்னும் சிக்கல்

கிணற்றில் நாம் அளப்பது தரையிலிருந்து நீர் வரை உள்ள ஆழம். மாதிரிக்குத் தேவையானதோ கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட நீர்மட்ட உயரம். ஒன்றிலிருந்து மற்றதைப் பெறக் கிணற்று விளிம்பின் உயரம் தெரிய வேண்டும். மட்ட அளவைக் கருவி கொண்டு அதை அளப்பது செலவும் உழைப்பும் மிக்க பணி. ஆகவே பல ஆய்வுகளில் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுக்கப்பட்ட எண்ணிலக்க உயர மாதிரியிலிருந்து கிணற்று உயரங்கள் எடுக்கப்படுகின்றன. மலைநாட்டு வடிநிலங்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். கடலோரச் சமவெளியில் நிலைமை வேறு.

அத்தரவின் உயரங்கள் முழு மீட்டர்களாகவே தரப்படுகின்றன. பிழையோ பல மீட்டர். தென்னந்தோப்பு உள்ள இடத்தில் ரேடார் கண்டது மரத்தலைகளுக்கும் தரைக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் உயரத்தையே. எடுத்துக்காட்டாக, கடற்கரைக்கு அருகிலுள்ள கிணறு ஒன்றின் உண்மையான தரை உயரம் 6 மீட்டர், நீர்மட்ட ஆழம் 7 மீட்டர் எனக் கொள்வோம். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே உள்ளது. அதாவது நீர் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வருகிறது. உயர மாதிரி அதே இடத்துக்கு 9 மீட்டர் எனக் காட்டினால், நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே என்றாகிவிடும். நன்னீர் கடலை நோக்கி ஓடுவதாக வரைபடம் அறிவிக்கும். மூன்று மீட்டர்ப் பிழை ஓட்டத்தின் திசையையே மாற்றிவிடுகிறது.

இதன் விளைவு இத்துடன் நிற்பதில்லை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினதைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு மிகுதி. ஆதலால், கைபென் – ஹெர்ஸ்பெர்க் உறவின்படி, கடல்மட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். ஓட்டமற்ற நிலையையும் கூர்மையான இடைமுகத்தையும் கருதிப் பெறப்பட்ட உறவு இது என்றாலும், அளவின் தன்மையைக் காட்டப் போதும். மேற்கண்ட பிழையான 2 மீட்டர், ‘கடல்மட்டத்துக்குக் கீழே 80 மீட்டர் வரை நன்னீர்’ என்னும் ஆறுதலைத் தரும். உண்மையில் அங்கு உவர்நீர் ஏற்கனவே உள்நுழைந்திருக்கலாம். அவ்வரைபடத்தை நம்பிக் குடிநீர்க் கிணறு தோண்டும் ஊராட்சிக்கு ஏற்படும் இழப்பை எண்ணிப் பார்க்கலாம்.

இதனோடு சேர்த்து நோக்க வேண்டிய இன்னொன்று, அடிப்படைத் தளங்களின் வேறுபாடு. கார்ட்டோசாட் உயர மாதிரி நீள்வட்டகத் தளத்திலிருந்து உயரத்தைத் தருகிறது; ரேடார் உயர மாதிரி கடல்மட்டத்துக்கு நெருங்கிய புவிவடிவத் தளத்திலிருந்து தருகிறது. தென்னிந்தியாவில் இவ்விரு தளங்களும் மிகுதியாக விலகுகின்றன. சென்னைக் கரையில் விலக்கம் 80 மீட்டருக்கும் மேல். இரண்டையும் கலந்துவிட்டால் தவறு உடனே கண்ணில் படும் என்பதால் இது அவ்வளவு தீங்கானதன்று. மூன்று மீட்டர்ப் பிழைதான் கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது. கிடைமட்டத்திலும் கவனம் தேவை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டகத்தைச் சார்ந்தவை. இன்றைய செயற்கைக்கோள் தரவு உலகப் புவியளவைத் தளம் 1984-ஐச் சார்ந்தது. மேலும், 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தமிழகத்தின் ஊடே செல்வதால் மாநிலம் 43, 44 என்னும் இரு குறுக்கு மெர்க்காட்டர் மண்டலங்களில் அமைகிறது. காவிரி வடிநிலம் போன்ற ஆய்வுக்களத்தில் இதை மறந்தால் கிணறுகள் தம் ஊரை விட்டு வெகு தொலைவு போய்விடும்.

கடலோரக் கிணறுகளுக்கு நேரடி மட்ட அளவையோ, நிலையான ஆதார நிலையத்துடன் இணைந்த துல்லியச் செயற்கைக்கோள் அளவையோ செய்யாமல் ஊடுருவல் மாதிரி அமைத்தல் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. ஆய்வு நிதியில் முதற்செலவு இதற்கே ஆக வேண்டும். உவர்ப்பான கிணற்றின் நீர்மட்டத்தை நன்னீருக்கு நிகரான உயரமாக மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

இடைக்கணிப்பு

புள்ளித் தரவைப் பரப்பாக்கும் பணியைத் தகவல் முறைமை ஒரு சொடுக்கில் செய்துவிடுகிறது. அதனாலேயே இங்குத் தவறுகள் மலிகின்றன. எதிர்த்தொலைவு எடை முறை, ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வளையங்களை உருவாக்கும். நீர்மட்ட வரைபடத்தில் காணப்படும் பல ‘குழிகள்’ அம்முறையின் விளைவே. கிரிகிங் முறை மதிப்புடன் அதன் பிழை அளவையும் தருகிறது. அப்பிழைப் படலத்தை எத்தனை ஆய்வேடுகள் வெளியிடுகின்றன என்பது கேட்கத்தக்க வினா.

இதைவிட அடிப்படையான தவறு ஒன்றுண்டு. 8 மீட்டர் ஆழமுள்ள திறந்த கிணறும் 45 மீட்டர் ஆழமுள்ள குழாய்க் கிணறும் மீஞ்சூரில் வெவ்வேறு நீர்த்தாங்கிகளைத் தொடக்கூடும். இரண்டின் நீர்மட்டத்தையும் ஒரே படலத்தில் இட்டு இடைக்கணிப்புச் செய்தால், கிடைக்கும் சமமட்டக் கோடுகள் எந்த நீர்த்தாங்கிக்கும் உரியவையல்ல. கிணற்றுப் பட்டியலில் வடிகட்டிக் குழாய் அமைந்துள்ள ஆழம் என்னும் பத்தி காலியாக இருந்தால், அக்கிணற்றை விலக்குவதே நேர்மை. தரவு குறையும்; ஆயினும் எஞ்சியது பொருளுடையதாக இருக்கும்.

கட்டங்களுக்குள் ஆறும் ஏரியும்

ஆற்றுக்கும் நீர்த்தாங்கிக்கும் இடையிலான பரிமாற்றத்தை மோட்ஃப்ளோ ஒரு கடத்தெண்ணால் குறிக்கிறது. ஆற்றுப்படுகையின் நீர்க்கடத்துதிறனை, கட்டத்துக்குள் ஆற்றின் நீளத்தாலும் அகலத்தாலும் பெருக்கிப் படுகைத் தடிப்பால் வகுத்தால் இது கிட்டும். கடத்துதிறன் நாளொன்றுக்கு 0.1 மீட்டர், நீளம் 200 மீட்டர், அகலம் 50 மீட்டர், தடிப்பு 1 மீட்டர் எனில் கடத்தெண் நாளொன்றுக்கு 1,000 சதுர மீட்டர். ஆற்று நீர்மட்டம் நிலத்தடி நீர்மட்டத்தைவிட அரை மீட்டர் உயர்ந்திருந்தால், அக்கட்டம் ஒன்றிலேயே நாளொன்றுக்கு 500 கன மீட்டர் நீர் உட்செல்லும். ஆற்றுக் கோட்டையும் கட்ட வலையையும் வெட்டி ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் பெறுவது தகவல் முறைமைக்கு எளிய பணி.

ஆனால் கொசத்தலையாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதுவும் பூண்டியிலிருந்து உபரிநீர் திறக்கப்படும் நாட்களில்தான், அதில் வெள்ளம் ஓடுகிறது. வரைபடத்திலோ அது என்றும் நீலக்கோடு. அக்கோட்டை அப்படியே ஆற்று எல்லையாக மாற்றிவிட்டால் மாதிரிக்குள் அந்த ஆறு ஆண்டு முழுவதும் ஓடும்; இறைக்கும் நீரையெல்லாம் ஈடுசெய்துகொண்டே இருக்கும். கணக்கு ஒத்துவரும், நிலத்தில் இல்லாத நீரால் ஒத்துவரும். எந்த மாதத்தில் எவ்விடம் வரை நீர் நின்றது என்பதைச் செயற்கைக்கோள் படங்களின் வரிசையிலிருந்து எடுத்து, அம்மாதங்களுக்கு மட்டும் அக்கட்டங்களை இயக்குவதே முறை. பருவமழை மாதங்களில் முகில் மறைப்பு மிகுதி என்பதால் ஒளிப்படங்களைவிட ரேடார் படங்கள் இதற்கு ஏற்றவை.

ஏரிகளுக்கும் இதே நெறி பொருந்தும். நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் நெறிமுறை, ஏரிக்கசிவை நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் எனக் கொள்கிறது. சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்புள்ள ஏரி நாளொன்றுக்கு 1,400 கன மீட்டர் தரும். வருவாய் வரைபடத்தின் ஏரி எல்லையை எடுப்பதா, நீர் நின்ற பரப்பை எடுப்பதா என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது.

அளக்கப்படாத இறைப்பு

மாதிரியின் உள்ளீடுகளில் மிக நிச்சயமற்றது இறைப்பு. தமிழகத்தில் வேளாண் மின்சாரம் இலவசம். பம்புசெட்டுகளுக்குப் பெரும்பாலும் அளவி இல்லை. எனவே பயிர்ப்பரப்பைச் செயற்கைக்கோள் வழி பிரித்தறிந்து, பயிரின் நீர்த்தேவையால் பெருக்கி, இறைப்பை மதிப்பிடுகிறோம். ஒரு பருவ நெல்லுக்குக் கிணற்றிலிருந்து 1,200 மில்லிமீட்டர் பாய்ச்சப்படுகிறது எனக் கொண்டால், ஒரு எக்டேருக்கு 12,000 கன மீட்டர். இதில் ஒரு பங்கு மீண்டும் நிலத்துக்குள் இறங்கும். மேற்படி நெறிமுறை, நிலத்தடி நீரால் பாசனம் பெறும் நெல்லுக்கு, நீர்மட்டம் 10 மீட்டருக்குள் இருந்தால் 45 விழுக்காடும், 25 மீட்டருக்குக் கீழே இருந்தால் 20 விழுக்காடும் திரும்புவதாகக் கொள்கிறது. அதாவது அதே வயலின் நிகர இழப்பு ஓரிடத்தில் 6,600 கன மீட்டர், மற்றோரிடத்தில் 9,600 கன மீட்டர். நீர்மட்ட ஆழப் படலத்தையும் பயிர்ப் படலத்தையும் மேற்பொருத்தி இதைக் கட்டம் கட்டமாகக் கணிப்பது தகவல் முறைமையின் உண்மையான வலிமை.

எனினும் இக்களத்துக்கே உரிய ஒரு கண்ணி இங்கு உள்ளது. வறட்சிக் காலங்களில் இப்பகுதி விவசாயக் கிணறுகளின் நீர் நகரத் தேவைக்காக விலைக்குப் பெறப்பட்டது. அப்போது வயல் தரிசாக இருக்கும். செயற்கைக்கோள் படம் தரிசு என்றே காட்டும். பயிர்வழிக் கணக்கு அக்கட்டத்துக்குச் சுழியம் இடும். உண்மையில் பம்பு இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவ்வாறு இறைத்த நீரில் ஒரு துளியும் அந்நிலத்துக்குத் திரும்புவதில்லை. கடல்நீர் மிக விரைந்து நகரும் ஆண்டுகளில்தான் இக்கணக்கு மிகவும் பிழைபடுகிறது. இதைத் திருத்த வழங்கல் வாரியப் பதிவுகளும் ஊர்மக்களிடம் பெறும் செய்தியும் தேவை. வானிலிருந்து இதைக் காண இயலாது. வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் இழப்பைப் புலப்படுத்திய கிரேஸ் செயற்கைக்கோள்களின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலத்தது. மீஞ்சூர் அளவுள்ள களத்துக்கு அது பொருந்தாது.

அளவொப்புச் சரிசெய்தல்

கணித்த நீர்மட்டமும் அளந்த நீர்மட்டமும் ஒத்துவரும் வரை உள்ளீடுகளை மாற்றுவது அளவொப்புச் சரிசெய்தல். நிலைத்த ஓட்டத்தில், அளந்தறிந்த ஓட்ட அளவு ஏதும் இல்லாதபோது, மழைச்செறிவையும் நீர்க்கடத்துதிறனையும் இறைப்பையும் ஒருங்கே இரட்டித்தாலும் நீர்மட்டம் மாறாது. நீர்மட்டப் பொருத்தம் ஒன்றை மட்டும் காட்டி மாதிரி சரியெனக் கூறுவது இக்காரணத்தாலேயே போதாது. இறைப்பு அறியப்படாத களத்தில் இந்நிலை மேலும் மோசமாகிறது. ஆகவே, குளோரைடு அளவுகளையும், நீர்மட்டம் காலப்போக்கில் ஏறி இறங்கும் பாங்கையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். அடர்த்தி வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் சீவாட் போன்ற நிரல்கள் இதற்குரியவை.

எஞ்சிய பிழைகளைச் சராசரியாக மட்டும் தராமல் வரைபடத்தில் இடுவது நன்று. மிகையான பிழைகள் எல்லாம் ஆற்றின் ஒரே பக்கத்தில் திரண்டிருந்தால், களிமண் விளிம்போ ஆற்று எல்லையோ தவறாக வரையப்பட்டுள்ளது என அறியலாம். தகவல் முறைமை மாதிரிக்குத் திருப்பித் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இது.

முடிவுகளை வழங்கும் முறை

தமிழகத்தில் நிலத்தடி நீர் மதிப்பீட்டின் அலகாகப் பிர்கா எனப்படும் குறுவட்டம் கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆண்டு இறைப்பு, கிடைக்கும் வளத்தின் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பானது. 100 விழுக்காட்டைக் கடந்தால் மிகை நுகர்வுக்கு உள்ளானது. புதிய கிணறுகளுக்கான அனுமதி இவ்வகைப்பாட்டைச் சார்ந்துள்ளது. ஆனால் நீர்த்தாங்கி குறுவட்ட எல்லையை அறியாது. கடலோரக் குறுவட்டத்தில் உவர்ப்பு முன்னேறுவதற்கு, மேற்கே ‘பாதுகாப்பான’ குறுவட்டத்தில் நிகழும் இறைப்பு காரணமாக இருக்கலாம். மாதிரியின் முடிவைக் குறுவட்ட வண்ணமாகச் சுருக்கிக் கொடுக்கும்போது இத்தொடர்பு மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு குறுவட்ட எல்லையையும் கடந்து செல்லும் நீரின் அளவை, மோட்ஃப்ளோவின் மண்டல நீர்க்கணக்கிலிருந்து எடுத்து, வண்ணத்துடன் அம்புக்குறியாகவும் எண்ணாகவும் அதே வரைபடத்தில் இடலாம். அதற்குக் கூடுதல் தரவு எதுவும் வேண்டியதில்லை.

இறைப்பைக் குறைத்தால் அல்லது தடுப்பணை கட்டினால் உவர்நீர் முகப்பு எங்கே நிற்கும் எனக் காட்டும் எதிர்காலப் படங்களில் முகப்பு ஒற்றைக் கோடாகவே வரையப்படுகிறது. மேலே கண்ட நிச்சயமின்மைகளைக் கொண்டு மாதிரியை நூறு முறை வெவ்வேறு உள்ளீடுகளுடன் இயக்கினால் நூறு கோடுகள் கிடைக்கும். அக்கோடுகள் விரவிய பட்டையே மாதிரி சொல்லக்கூடியது. பைத்தான் மொழியில் அமைந்த ஃப்ளோபை, கியூஜிஐஎஸ் ஆகிய இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பதால், முதுகலை மாணவர் ஒருவரின் கணினியிலேயே இதைச் செய்ய இயலும். அப்பட்டைக்குள் எந்தெந்த ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் அமைகின்றன என்னும் பட்டியலை, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்னும் ஏற்கத்தக்க வரம்பையும், மாற்று நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் 1,000 மில்லிகிராம் வரம்பையும் தனித்தனியே குறித்து, வரைபடத்துடன் இணைத்தே வழங்க வேண்டும்.